கடைக் கணக்கும் இயற்கணிதமும்



யான் படித்தது ஓதப்பள்ளியும் தொடக்கப்பள்ளியும் மட்டுமே. மற்ற கணக்கெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து கற்றதுதான். ஆயினும் கணக்கில் தவறமாட்டேன் என்றொரு இறுமாப்பு இருந்தது. சென்ற பெருநாள் வியாபாரத்தில் அது உடைந்தது.

20 வெள்ளி அடக்கமான கைலிக்கு நூற்றுக்கு 20 ஏற்றி, 24 வெள்ளி என்று விலைச்சீட்டு ஒட்டியிருந்தேன். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட எண்ணி, "நூற்றுக்கு 20 தள்ளுபடி" என்று எழுதித் தொங்கவிட்டேன். ஏற்றியதும் 20, இறக்கியதும் 20. இலாபம் இல்லாவிடினும் முதலுக்கு மோசமில்லை என்பது என் கணிப்பு. 150 கைலிகள் போயின. கணக்கு முடித்தால் முதலிலேயே 120 வெள்ளி குறைகிறது! கடைப்பையனைக்கூட ஒரு கணம் சந்தேகித்துவிட்டேன், அல்லாஹ் மன்னிப்பானாக.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள்தான் பிழையைக் கண்டாள். "அத்தா, நீங்க ஏத்துனது இருபது வெள்ளி மேல. இறக்குனது இருபத்துநாலு வெள்ளி மேல" என்றாள். உண்மைதான். 24 வெள்ளியில் நூற்றுக்கு 20 என்றால் 4 வெள்ளி 80 காசு. அதைக் கழித்தால் கைக்கு வருவது 19 வெள்ளி 20 காசு. கைலிக்கு 80 காசு நட்டம். 150 கைலிக்கு 120 வெள்ளி.

அப்படியானால் எந்த விலையை ஒட்டியிருக்க வேண்டும்? அவள் போட்டுக்காட்டிய வழியைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதலில், தெரியாத விலைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எக்ஸ் என்பார்கள். நாம் 'ப' என்போம். அடுத்து, தெரிந்த செய்தியை அப்படியே எழுத வேண்டும். நூற்றுக்கு 20 என்பது ஐந்தில் ஒரு பங்கு. விலையில் ஐந்தில் ஒரு பங்கு போக, 20 வெள்ளி மிஞ்ச வேண்டும்.

ப − ப/5 = 20

பின்னம் தொல்லை தருமாதலால் இரு பக்கத்தையும் 5ஆல் பெருக்குவோம்.

5ப − ப = 100
4ப = 100
ப = 25

ஒட்டவேண்டிய விலை 25 வெள்ளி. சோதித்துப் பாருங்கள்: 25இல் ஐந்தில் ஒரு பங்கு 5; மீதி 20. இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடக்கூடாது. நான் சீட்டு ஒட்டுமுன் ஒரே ஒரு கைலிக்கு இப்படிப் பார்த்திருந்தால் 120 வெள்ளி தப்பியிருக்கும்.

அல்ஜிப்ரா என்னும் சொல் அரபியின் 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து பிறந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தெரியாத தொகையை 'ஷைஉ', அதாவது பொருள், என்று அழைத்தார். எழுத்துக் குறிகள் இல்லாமல் வாக்கியமாகவே கணக்கை எழுதினார். வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளும் அவர் நூலில் உண்டு. நான் 'ப' என்று வைத்ததும் அந்தப் 'பொருளை' நினைத்துத்தான்.

இனி, சராசரி என்னும் வலையைப் பற்றி. பெருநாளுக்குப் பின் ஒரு வாரத்து விற்பனை, வெள்ளிக் கணக்கில், இது: 310, 290, 300, 1000, 320, 280, 300. மொத்தம் 2,800, ஏழால் வகுத்தால் நாளுக்கு 400. இதை நம்பி, காலியாயிருந்த பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்க முன்பணத்தோடு கிளம்பினேன். மறுபடியும் மகள்தான் நிறுத்தினாள்.

எண்களைச் சிறியதிலிருந்து வரிசையாக எழுதச் சொன்னாள்: 280, 290, 300, 300, 310, 320, 1000. ஏழில் நடுவில் நிற்பது நான்காவது எண், 300. இதற்கு இடைநிலை என்று பெயர். அதிகத் தடவை வரும் எண் முகடு, அதுவும் 300. ஏழு நாளில் ஆறு நாள் 400ஐத் தொடவேயில்லை. அந்த ஆயிரம், ஒரு கலியாண வீட்டார் மொத்தமாக எடுத்த துணி. கலியாணம் வாரந்தோறும் வருமா? முன்பணம் பெட்டிக்குத் திரும்பியது.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு: அதே 20 வெள்ளிக் கைலிக்கு அதே தள்ளுபடி கொடுத்த பின்னும் 2 வெள்ளி இலாபம் நிற்க வேண்டும். விலைச்சீட்டில் என்ன எழுதுவீர்கள்? எனக்கு வந்த விடை 27 வெள்ளி 50 காசு. போட்டுப் பார்த்து, நான் மறுபடி தவறியிருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள். தேநீர் என் செலவு.