பேரிடரில் பெற்றோரை இழந்த மழலையரும் அபயதானமும்

இல்லறத்தார்க்கு ஜினதர்மம் விதித்த தானங்கள் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அபயம். இவற்றுள் அபயதானமாவது அஞ்சி நிற்கும் உயிருக்கு அடைக்கலம் அளித்தல். நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் பெற்றோரை ஒரே நாளில் இழந்த குழந்தையினும் அஞ்சி நிற்கும் உயிர் வேறு யாது? எனினும் அத்தகைய குழந்தையை எவர் வளர்ப்பது, எச்சமயத்தில் வளர்ப்பது என்பதில் சமயங்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை ஆராய்ந்து, நம் நெறி யாதெனத் தெளிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சமயங்களின் நோக்கு

வைதிக மரபில் சுவீகாரம் ஒரு சமயக் கடமையை ஒட்டியது. நீத்தார்க்குப் பிண்டமிட மகன் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இஸ்லாமோ அனாதைகளைப் பேணுதலைப் பெரும் புண்ணியமாகப் போற்றுகிறது. ஆயினும் வளர்ப்புக் குழந்தையைத் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் எனத் திருக்குர்ஆன் பணிக்கிறது. எனவே குலப்பெயரை மாற்றாது வளர்க்கும் 'கஃபாலா' என்னும் முறை அவர்களிடையே வழங்குகிறது. கிறித்தவத்தில் தத்து என்பது இறைவன் மாந்தரை மக்களாக ஏற்பதற்கு உவமையாகப் பவுலின் திருமுகங்களில் வருகிறது.

ஒன்று குடும்பத் தொடர்ச்சியையும், ஒன்று பிறப்பின் உண்மையையும், ஒன்று அன்பின் ஏற்பையும் வற்புறுத்துகின்றன. அநேகாந்தம் பயின்ற நாம் மூன்றிலும் உள்ள உண்மைக் கூற்றைக் காண்போமாக.

பேரிடர் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அங்குள்ள முஸ்லிம் குழந்தைகள் 300 பேரைக் கிறித்தவ இல்லத்தில் வளர்க்க அயல்நாட்டு அமைப்பொன்று திட்டமிட்டது. செய்தி வெளியானதும் பெருங்கொந்தளிப்பு எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டு நிலநடுக்கத்திற்குப் பின், 33 குழந்தைகளை எல்லை கடத்த முயன்ற அமெரிக்கக் கிறித்தவக் குழுவினர் 10 பேர் கைதாயினர். அக்குழந்தைகளுள் பலர்க்குப் பெற்றோர் உயிருடன் இருந்தமை பின்னர்த் தெரிய வந்தது.

இவர்கள் இரக்கமற்றவர் என நாம் கூறவில்லை. ஆனால் இரக்கத்தோடு தம் சமயத்தைப் பெருக்கும் விருப்பமும் கலந்துவிடின் தானம் மாசுறும். பேரிடர் நாள்களில் காணாமற்போன தாய் மருத்துவமனையில் இருக்கலாம். அத்தை அடுத்த முகாமில் இருக்கலாம். ஆதலின் உற்றாரைத் தேடித் தருவதே முதல் அபயதானம். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும், குழந்தையின் சமயம், மொழி, பண்பாடு ஆகியவற்றை உரியவாறு கருத வேண்டும் என்றும், கஃபாலாவும் ஏற்கத்தக்க முறையே என்றும் கூறுகிறது.

சமணரும் சுவீகாரமும்

அவரவர் வினை அவரவரையே சாரும் என்பது நம் கோட்பாடு. மகன் இடும் பிண்டத்தால் தந்தை வீடுபெறுதல் இல்லை. எனவே நம்மிடையே சுவீகாரம் உலகியல் செயலேயன்றிச் சமயச் சடங்கன்று. 1878ஆம் ஆண்டு, வடநாட்டுச் சமணக் குடும்பமொன்றின் வழக்கில், மகனற்ற கைம்பெண் கணவனின் அனுமதியின்றியே சுவீகாரம் எடுக்கலாம் என்னும் சமண வழக்காற்றைப் பிரிவி கவுன்சில் ஏற்றது.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: "பெற்றோரை இழந்தது அக்குழந்தையின் பழவினையன்றோ? நாம் ஏன் குறுக்கிட வேண்டும்?" வினை அக்குழந்தையுடையதாகலாம், அதனைக் கண்டும் வாளாவிருத்தல் நம்முடைய வினையாகும். "எந்தக் குலமோ" எனத் தயங்குவாரும் உளர். பிறப்பால் ஒருவர் சமணராவதில்லை. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகியவற்றாலேயே ஆகிறார்.

நம் சீவக சிந்தாமணியை நினைவு கூர்வோம். சச்சந்தன் வீழ்ந்தபின் விசயை சுடுகாட்டில் சீவகனை ஈன்றாள். இறந்த தன் மகவை அங்குக் கொணர்ந்த வணிகன் கந்துக்கடன் அக்குழந்தையை எடுத்து மகனாகவே வளர்த்தான். விசயை விட்டுச் சென்ற மோதிரம் அவன் பிறப்பிற்குச் சான்றாயிற்று. உரிய காலத்தில் ஆசிரியர் அச்சணந்தி அவனுக்கு அவன் வரலாற்றை உணர்த்தினார். வளர்த்த அன்பும் மறைக்கப்படாத பிறப்பும் அங்கே ஒன்றையொன்று பகைக்கவில்லை.

சட்டநிலை

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் சமணரையும் உள்ளடக்கியது. மகன் உள்ளவர் மற்றொரு மகனைத் தத்தெடுக்க அச்சட்டம் இடந்தரவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் உரியது. எச்சமயத்தவரும் இளைஞர் நீதிச் சட்ட வழியைத் தேரலாம் என உச்ச நீதிமன்றம் 2014இலேயே உறுதி செய்தது. அச்சட்டத்தின்படி, குழந்தைகள் நலக் குழு தத்துக்குத் தகுதியுடையதென அறிவித்த பின்னரே, மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவு செய்தோர்க்குக் குழந்தை அளிக்கப்படும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். முகாமிலிருந்து நேரே குழந்தையைக் கைப்பற்றி வருதல், நல்லெண்ணத்தோடு செய்யினும் குற்றமே. ஆதரவற்ற குழந்தையைக் காண்போர் 1098 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, உற்றார் உளரெனின் குழந்தையை அவரிடமே விட்டு, உணவுக்கும் கல்விக்கும் உதவுக. அதுவும் நிறைவான தானமே.

இரண்டாவது, சட்டப்படி நம் இல்லம் வந்த குழந்தைக்கு அதன் பிறப்பை மறைத்தல் ஆகாது. மறைத்தல் வாய்மைக்கு மாறு.

மூன்றாவது, உணவு பற்றியது. ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது; மாண்டோருள் மீனவரே மிகுதி. அத்தகைய குடியில் பிறந்த குழந்தை நம் இல்லத்தில் புலாலின்றி வளர்வது இயல்பு. ஆனால் அதன் தந்தை செய்த தொழிலை அதன் செவிபட இகழ்தல் வாக்கினால் செய்யும் இம்சையாகும். இனிய சொல்லாலும் நம் ஒழுக்கத்தாலும் கொல்லாமையை உணர்த்துவோம். வளர்ந்தபின் அறிந்து ஏற்பது அதன் உரிமை.

ஒரு குழந்தையை எடுப்பதால் சமணர் தொகையில் ஒன்று கூடும் என எண்ணுவோமாயின், ஆச்சேயில் நிகழ்ந்த பிழையே நம் இல்லத்திலும் நிகழும். ஓர் உயிரின் அச்சம் நீங்கிற்று என எண்ணுவோமாயின் அதுவே அபயதானம்.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!