நோன்பாளியும் கண் சொட்டு மருந்தும்

ரமளான் நெருங்கியதும் நம்மிடம் தவறாமல் வரும் மஸ்அலாக்களில் ஒன்று, நோன்பு வைத்துக்கொண்டு கண்ணில் மருந்து விடலாமா என்பதாகும். கேட்பவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கேட்காமலே, பேணுதல் என்று எண்ணி, மாதம் முழுவதும் மருந்துக் குப்பியை ஒதுக்கி வைத்துவிடும் பெரியவர்களைப் பற்றித்தான் கவலை.

சாதாரணக் கண்வலியென்றால் போகட்டும். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் அப்படிப்பட்டதன்று. கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சிறுகச் சிறுகப் பட்டுப்போகிறது. பெரும்பாலும் வலி இராது. ஓரப் பார்வை முதலில் குறைவதால் நோயாளிக்கே தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்கவே மருந்து. அதை விட்டால் கண் தெளிவதுமில்லை, விடாவிட்டால் அன்றே மங்குவதுமில்லை. அசட்டை நுழைவது இந்த வழியில்தான்.

இனி சட்டத்திற்கு வருவோம். நோன்பாளி சுர்மா இடுவது குறித்து இமாம்கள் விரிவாகப் பேசியுள்ளார்கள். அதன் ருசி தொண்டையில் தெரிந்தாலும் நோன்புக்குக் கேடில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜி’ல் எழுதுகிறார்கள். ஹனஃபீ மத்ஹபிலும் இதுவே சட்டம். மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் தொண்டையை எட்டினால் முறியும் என்ற கருத்துண்டு. நம் பகுதி மக்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ, ஹனஃபீகளே. 1997-இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் கண் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்றே தீர்மானித்தது.

இரவில் ஒரு சொட்டு மட்டும் விடுபவருக்குச் சிக்கலே இல்லை. இருவேளை விடுபவர் ஸஹர் நேரத்திலும் நோன்பு திறந்த பின்பும் விடலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மூன்று வேளை மருந்துள்ளவரோ பகல் வேளையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தொண்டையில் கசக்கிறதே என்பவர்களுக்கு எளிய வழி உண்டு. ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக அழுத்திக்கொள்ள வேண்டும். கண்ணீர் வழி அடைபடுவதால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். கண்ணில் தங்கவும் செய்யும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். விட்டவுடன் ஒளூச் செய்யவும் வேண்டாம், சற்றுப் பொறுக்கலாம். ஒளூவில் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையன்று.

இன்னொன்று: மருத்துவரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பு மட்டும் ஒழுங்காக விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று அழுத்தம் சரியாகவே காட்டும், மருத்துவர்தான் ஏமாறுவார். விட்டுப்போன நாட்களை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கை நடுங்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் இதைப் பொறுப்பேற்று, ஸுப்ஹுக்கு எழுப்பும்போதே குப்பியையும் கையில் எடுத்துச் செல்லலாம்.