சங்க அன்னமும் வரித்தலை வாத்தும்

அன்னம் என்றவுடன் இலக்கியம் பயில்வோர் நெஞ்சில், வெண்ணிற உடலும் வளைந்த நெடுங்கழுத்தும் உடைய ஓவியப் பறவையே தோன்றுகின்றது. பாலையும் நீரையும் பிரித்துண்ணும் என்ற கதையும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றது. எனவே அன்னம் வெறுங்கற்பனை என்ற முடிவுக்குப் பலர் எளிதில் வந்துவிடுகின்றனர். இம்முடிவு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நற்றிணை 356ஆம் பாடலில் பரணர் காட்டும் அன்னம் சிவந்த கால்களை உடையது. தெளிந்த கடற்பகுதியில் மேய்வது. இமயத்து உச்சியில் உள்ள தன் பறக்கவியலாக் குஞ்சுகளுக்கு இரை கொண்டு செல்வது. புறநானூறு 67ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரித்துறையில் அயிரை உண்டு வடமலைக்குச் செல்லும் அன்னச் சேவலை விளித்து, இடையே உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு வேண்டுகின்றார். தெற்கே இரை, வடக்கே இருப்பிடம் என்ற செய்தி இரு பாடல்களிலும் ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

இவ்வாறு வலசை வரும் பறவை இன்றும் உண்டா? ஒரு தை மாதக் காலையில் மாணவர் சிலருடன் தாமிரபரணிக் கரையில் உலவினோம். நாள்தோறும் கொக்குகளை மட்டுமே கண்டு பழகிய வயலோரத்தில், சாம்பல்நிறப் பறவைகள் பதினொன்று மேய்ந்துகொண்டிருந்தன. "ஐயா, இவை அறுவடை வயலில் மேய்க்க ஓட்டி வந்த வாத்துகளா?" என்று ஒரு மாணவர் வினவினார். வெண்தலையின் பின்புறம் இரு கரும்பட்டைகள், மஞ்சள் அலகு, செம்மஞ்சட் கால்கள் ஆகியவற்றை உற்றுநோக்கியபின், அவை வரித்தலை வாத்துகள் எனத் தெளிந்தோம்.

மங்கோலியா, திபெத்து, சீனத்தின் சிங்காய் ஏரி முதலிய இடங்களில் குஞ்சு பொரிக்கும் இவை, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து இந்தியாவுக்கு வருகின்றன. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் இவை தங்கும் இடங்களுள் ஒன்று. செயற்கைக்கோள் வழி ஆராய்ந்தோர், இவற்றின் பறப்பினை 7,290 மீட்டர் உயரம் வரை பதிவு செய்துள்ளனர். மெல்லிய காற்றிலும் உயிர்வளியை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும் குருதி இதற்குத் துணைசெய்கின்றது.

எனினும், இவ்வாத்தே சங்க அன்னம் என்று அறுதியிட்டுரைத்தல் அவசரமாகும். கால்நிறமும் வடதிசைப் பயணமும் பொருந்துகின்றன. ஆனால் இவ்வாத்து பெரிதும் புல்லும் தானியமுமே உண்பது, மீனுண்பதன்று. இதன் குஞ்சுகளும் பொரித்த சின்னாட்களில் தாமே மேய்வன. தாய் இரை சுமந்து ஊட்டுவதில்லை. ஆதலின், புலவர்கள் வலசைப் பயணத்தை அறிந்திருந்தனர் என்பது உறுதி. இமயத்துக்கு அப்பாலுள்ள கூட்டு வாழ்வைக் கற்பனையால் நிரப்பினர் எனக் கொள்ளலாம். தெற்கே கண்டது காட்சி; வடக்கே காணாதது கற்பனை. இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வு.

வானில் சிறகு விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை நோக்குமாறு திருக்குர்ஆனின் 67ஆம் அத்தியாயமும் மாந்தரைத் தூண்டுகின்றது. பறவை நூலறிஞர் சாலிம் அலி (1896–1987) வாழ்நாள் முழுவதும் அப்பணியையே ஆற்றினார்.

1994இல் சரணாலயமான கூந்தன்குளம், 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயின் சட்டம் காப்பது ஒரு குளத்தையே. நம் ஊர்க் குளங்கள் தூர்ந்துபோயின், பிசிராந்தையார் விளித்த பறவை வந்திறங்க இடமிராது. பாடல் மட்டுமே எஞ்சும். உரைநூலோடு குறிப்பேட்டையும் ஏந்தி மாணவர் குளக்கரைக்குச் செல்வாராக.