துண்டு துண்டாய் எழும் மாளிகை



‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பது பெரியோர் வாக்கு. இதைப் பேச்சுப் போட்டியில் சொல்லாதவர் நம்மில் இல்லை. ஆனால் அடியெடுத்து வைக்கக் கால் ஒத்துழைக்காதவருக்கு இது எப்படிப் பொருந்தும்? விரல்கள் நடுங்குகிறவருக்கும், ஒரு கை மட்டுமே உடையவருக்கும், கண் பார்வை இல்லாதவருக்கும் இது எப்படிப் பொருந்தும்? ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டே இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

கட்டி விளையாடும் பொருள்

ஆனித் தேரோட்டத்தின்போது நம் டவுண் ரத வீதிகளில் கடை விரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய சொப்புச் சாமான்களை வாங்கி விளையாடியும் இருப்பீர்கள். அவை செய்து முடிக்கப்பட்டே நம் கைக்கு வருகின்றன. நாம் சமைப்பதுபோல் பாவனை செய்து விளையாடுகிறோம்.

வேறொரு வகை விளையாட்டுப் பொருள் உண்டு. அது துண்டு துண்டாகவே பெட்டியில் வரும். பூட்டி, இணைத்து, உருவாக்குவதுதான் அதில் விளையாட்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901இல் துளையிட்ட தகரப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்ட ஒரு தொகுதிக்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் அதற்கு ‘மெக்கானோ’ என்று பெயரிட்டார். பாலம், பாரந்தூக்கி, வண்டி என எதையும் அதனால் செய்யலாம்.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிஷ் சொற்களிலிருந்து ‘லெகோ’ என்ற பெயரை 1934இல் வைத்தார். 1949இல் அந்நிறுவனம் பிளாஸ்டிக் கட்டைகள் செய்யத் தொடங்கியது. மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்டு ஒன்றையொன்று இறுகப் பற்றும் இன்றைய கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது.

இதில் ஒரு கணக்கு வியப்பானது. எட்டுக் குமிழ் கொண்ட இரண்டு கட்டைகளை 24 விதமாக இணைக்கலாம். அதே நிறத்தில் ஆறு கட்டைகள் இருந்தால் 91 கோடியே 51 லட்சத்து 3,765 விதங்கள் உண்டு என்று கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆறு கட்டைக்கே இப்படியென்றால் ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு என்ன சொல்வது!

பெரிய தொகுதியின் கடினம்

2008இல் லெகோ நிறுவனம் நம் தாஜ்மகாலின் மாதிரியை வெளியிட்டது. அதில் 5,922 துண்டுகள். அந்நிறுவனம் அதுவரை வெளியிட்டவற்றுள் மிகப் பெரிய தொகுதி அதுவே. 2021இல் வந்த டைட்டானிக் கப்பலில் 9,090 துண்டுகள். சில துண்டுகள் நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை.

உடல் நலமுள்ளவருக்கே இது எளிய வேலையன்று. சிறு துண்டை விரல் நுனியால் பற்ற வேண்டும். உரிய இடத்தில் நேராக வைக்க வேண்டும். ‘டக்’கென்று ஒலி வரும்வரை அழுத்த வேண்டும். தவறாகப் பூட்டியதைப் பிரித்தெடுக்க அதைவிட வலு வேண்டும். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கிய ஆச்சிக்கும், பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்த மாமாவுக்கும், பிறவியிலேயே தசை வலுக் குறைந்த சிறுவனுக்கும் இந்த மூன்று செயல்களும் மூன்று மலைகள்.

இதனுடன் வரும் வழிகாட்டிப் புத்தகத்தில் சொற்களே கிடையாது. எல்லாம் படங்கள்தாம். எந்த மொழி பேசும் குழந்தையும் புரிந்துகொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் அந்தச் சிறப்பே பார்வையற்றவருக்குப் பூட்டிய கதவாகி விடுகிறது.

ஒரு பிறந்த நாள் பரிசு

அந்தக் கதவைத் திறந்த ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பகுதியில் வளர்ந்தவர் மேத்யூ ஷிஃப்ரின். பிறவியிலேயே பார்வையற்றவர். சிறு வயதிலேயே லெகோ கட்டைகள்மேல் அவருக்கு ஆசை மிகுதி. ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்ல யாராவது பக்கத்தில் இருந்தால்தான் கட்ட முடியும்.

அவரைக் கவனித்துக்கொண்ட லிலியா ஃபிங்கல் என்ற அம்மையார், அவருடைய 13ஆம் பிறந்த நாளுக்கு ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் எண்ணூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்ட ஒரு கோட்டைத் தொகுதி இருந்தது. அதனுடன் பிரெய்லில் எழுதிய கோப்பு ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் அந்த அம்மையாரே ஒரு பெயர் வைத்திருந்தார். எந்தத் துண்டை எதன்மேல், எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியையும் சொற்களாக்கியிருந்தார். முதன்முறையாக ஒரு பெரிய தொகுதியை அச்சிறுவர் தம் கைகளாலேயே கட்டி முடித்தார்.

அந்த அம்மையார் செய்தது என்னவென்று கவனியுங்கள். கோட்டையைக் கட்டிக் கொடுத்து, ‘தடவிப் பார் கண்ணா’ என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு மாலை நேர வேலை. அப்படிச் செய்யாமல், அவர் கட்டுவதற்கு வேண்டிய வழியை மட்டும் செய்து கொடுத்தார். அதற்கு எத்தனையோ மடங்கு உழைப்புத் தேவைப்பட்டது. ஆனால் கட்டிய பெருமை கட்டியவருக்கே சேர்ந்தது.

பின்னர் இருவரும் சேர்ந்து பல தொகுதிகளுக்கு இவ்வாறு வழிகாட்டி எழுதி, பிறருக்கும் கிடைக்கச் செய்தனர். 2017இல் அந்த அம்மையார் காலமானார். அவர் பணி நின்றுவிடக் கூடாது என்று ஷிஃப்ரின் லெகோ நிறுவனத்தை அணுகினார். அதன் பயனாக 2019இல் அந்நிறுவனம் சில தொகுதிகளுக்குப் பிரெய்லிலும் ஒலி வடிவிலும் வழிகாட்டிகளை வெளியிட்டது. பெரிய கட்டடங்களைப் பார்வையற்றவர் தொட்டு அறிய முடியாது. விரலால் கட்டும் மாதிரியோ அதன் வடிவத்தை மனத்தில் பதிய வைக்கிறது. பார்வையுள்ளவருக்கு அது பொம்மை. அவர்களுக்கு அது பாடநூல்.

இங்கே இன்னோர் ஒற்றுமையும் உண்டு. பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் நேர்ந்த விபத்தில் கண்ணை இழந்தவர். 15 வயதில், 1824இல், ஆறு புள்ளி எழுத்து முறையை வகுத்தார். இரண்டு வரிசையில் மும்மூன்று புள்ளிகள். லெகோ கட்டையின் குமிழ்களும் அதே போன்ற அமைப்பிலேயே வைக்கத் தக்கவை அன்றோ? குமிழ்களைப் பிரெய்ல் எழுத்துகளாக அமைத்த கட்டைகளை 2020 முதல் பார்வையற்ற குழந்தைகளின் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கினர்.

ஒரு கை கட்டிய மறு கை

ஐரோப்பாவில் அண்டோரா என்ற மிகச் சிறிய நாட்டில் பிறந்தவர் டேவிட் அகிலார். பிறவியிலேயே அவருக்கு வலது முன்கை இல்லை. ஒன்பது வயதில் லெகோ துண்டுகளால் ஒரு செயற்கைக் கை செய்து பார்த்தார். அது உறுதியாக நிற்கவில்லை. அதோடு விட்டுவிடவில்லை. 18 வயதில், ஹெலிகாப்டர் செய்வதற்கான ஒரு தொகுதியை எடுத்து, மடக்கி நீட்டவும் பொருளைப் பற்றவும் கூடிய ஒரு கையை உருவாக்கினார். இரு கையுள்ளவர்க்காகச் செய்த விளையாட்டுப் பொருளை ஒரு கையால் பூட்டி, மறு கையைப் படைத்துக்கொண்டார். முதல் முயற்சிக்கும் இதற்கும் இடையே கழிந்த ஒன்பது ஆண்டுகளை மறவாதீர்கள்.

நம் பொருநைக் கரையில்

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. சுலோசனா முதலியார் பாலத்தைக் கடந்தால் பாளையங்கோட்டை. பார்வையற்றோருக்காக ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்காக ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே பள்ளிகள் தொடங்கினர். ‘இக்குழந்தைகளுக்கு எதற்குப் படிப்பு’ என்று உலகம் கேட்ட காலம் அது. அவர்களுக்குத் தானம் கொடுத்து அனுப்பாமல், விரலால் படிக்கவும் கையால் தொழில் செய்யவும் வழி செய்து கொடுத்தார்கள்.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தையும் நீங்கள் அறிந்திருக்கலாம். அதை நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராய் இருந்தபோது, 1975இல், கடற்படை அதிகாரிகள் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தமக்கு மருத்துவம் செய்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் 1981இல் அச்சங்கத்தைத் தொடங்கினார். சில குழந்தைகளுடன் சிறு கொட்டகையில் தொடங்கிய அது இன்று பள்ளி, பயிற்சி நிலையம், மருத்துவப் பயிற்சிக் கூடம் என விரிந்து நிற்கிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு கட்டையைக்கூடத் தம் கையால் எடுத்து வைக்க இயலாத ஒருவர் இவ்வளவு பெரியதைக் கட்டினார். எதை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்று அறிந்திருந்தார். பிறர் கைகளின் உதவியை வெட்கப்படாமல் பெற்றார்.

எப்படிச் செய்வது?

இனி நடைமுறைக்கு வருவோம். உடல் தளர்ந்த ஒருவர் பெரிய தொகுதி ஒன்றைக் கட்ட விரும்பினால் என்ன செய்யலாம்?

1. முதலில் பிரிக்க வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரே குவியலாகக் கொட்டினால் தேடுவதிலேயே வலு போய்விடும். வீட்டுப் பரணிலிருந்து பல்லாங்குழியை எடுங்கள். 14 குழிகள், வழுவழுப்பான சரிவு, விரலால் ஒதுக்கி எடுக்க எளிது. ஒரு குழிக்கு ஒரு வகைத் துண்டு. பார்வை மங்கியவருக்கு நிறத்தால் பிரிப்பதைவிட வடிவத்தால் பிரிப்பது நல்லது.

2. அடிப்பலகை நகரக் கூடாது. ஈரத் துணியையோ பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்த ரப்பரையோ விரித்து அதன்மேல் வைத்தால் வழுக்காது. ஒரு கையால் செய்பவருக்கு மற்றொரு கை அந்த ரப்பர்தான்.

3. விளிம்புள்ள பெரிய தாம்பாளத்தில் வைத்து வேலை செய்ய வேண்டும். நடுங்கும் கையிலிருந்து விழும் துண்டு தரையில் உருண்டோடாமல் தட்டிலேயே கிடக்கும். முழங்கை மேசைமேல் ஊன்றியிருந்தால் நடுக்கமும் குறையும்.

4. விரல் நுனியால் அழுத்த முடியாவிட்டால் உள்ளங்கையாலோ கரண்டிக் காம்பின் முனையாலோ அழுத்தலாம்.

5. வலி வருமுன் நிறுத்த வேண்டும். வலி வந்தபின் நிறுத்தினால் மறுநாளும் வேலை கெடும். நாளொன்றுக்கு 40 துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். 5,922 துண்டுகள் கொண்ட தாஜ்மகால் ஏறத்தாழ 148 நாளில் எழுந்துவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்கினால் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும்!

6. நிறுத்திய இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். அடுத்த படிக்கு வேண்டிய துண்டுகளைச் சிறு கிண்ணத்தில் எண்ணி வைத்துவிட்டே எழ வேண்டும். மறுநாள் தொடங்கும் சோர்வு பாதியாகும்.

(மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் துண்டுகளை மூடி வைக்க மறவாதீர்கள். வாயில் போட்டால் ஆபத்து.)

இந்த ஆறில் ஒன்றாவது ‘பல்லைக் கடித்துக்கொள்’ என்று சொல்கிறதா? இல்லை. பொறுமை என்பது வலியைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மைப் பொறுமைக்கு அறிவும் வேண்டும். தன் உடலால் எது இயலும், எது இயலாது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப வேலையை மாற்றி அமைத்துக்கொள்வதே பொறுமை.

உதவி செய்வோருக்கு

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. ‘கொண்டா புள்ள, நான் செஞ்சு தாரேன்.’ அன்பினால் சொல்வதுதான். பித்தான் போடத் திணறும் தம்பியிடம் சொல்கிறோம்; பூத்தொடுக்க முயலும் ஆச்சியிடம் சொல்கிறோம்; மெல்ல எழுதும் வகுப்புத் தோழியிடம் நோட்டை வாங்கி நாமே எழுதிக் கொடுக்கிறோம். வேலை விரைவில் முடிகிறது. ஆனால் ‘உன்னால் ஆகாது’ என்ற செய்தியும் அவர் மனத்தில் போய் விழுகிறது. நாள்தோறும் அதைக் கேட்பவர் ஒருநாள் முயல்வதையே விட்டுவிடுவார். கை தளர்ந்ததைவிடப் பெரிய இழப்பு அதுவே.

ஆகவே உதவும்போது மூன்றை நினைவில் வையுங்கள். கேட்டபின் உதவுங்கள். துண்டைத் தேடித் தரலாம், பலகையைப் பிடித்துக்கொள்ளலாம், படத்தைப் படித்துச் சொல்லலாம். பூட்டும் வேலையை அவருக்கே விடுங்கள். அவர் தவறாக வைத்தால் உடனே கை நீட்டாதீர்கள். அவரே கண்டுகொள்ளச் சற்றுக் காத்திருங்கள். காத்திருப்பவருக்கும் பொறுமை வேண்டும் அல்லவா!

மாணவியரே, உங்கள் வீட்டில் விலையுயர்ந்த தொகுதி இருக்க வேண்டும் என்பதில்லை. தீப்பெட்டிகளும் கொட்டாங்கச்சிகளும் ஐஸ் குச்சிகளும் போதும். இந்த விடுமுறையில், கை தளர்ந்த ஒருவருடன் அமர்ந்து ஏதேனும் ஒன்றைக் கட்டுங்கள். கட்டி முடித்தபின், ‘இது யார் செய்தது?’ என்று யாராவது கேட்டால், அவர் தயங்காமல் ‘நான்’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் நீங்கள் செய்த உதவி சரியான உதவி.

செய்து பார்க்க, சிந்திக்க

1. கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, பத்துத் தீப்பெட்டிகளால் ஒரு வீடு கட்டுக. உன் தோழி சொற்களால் மட்டுமே வழி சொல்ல வேண்டும், தொடக் கூடாது. எந்தச் சொற்கள் பயன்பட்டன? எவை குழப்பின?

2. ஒரு கையால் மட்டும் சட்டைப் பித்தான் போட முயல்க. எந்தப் பொருளை மாற்றி அமைத்தால் எளிதாகும்?

3. நாளொன்றுக்கு 30 துண்டுகள் வீதம் 9,090 துண்டுகளைப் பூட்ட எத்தனை நாள் ஆகும்?

4. நம் வகுப்பறையில் எதை மாற்றினால், பார்வை குறைந்த அல்லது நடக்க இயலாத ஒரு தோழிக்கு யாருடைய உதவியும் இன்றி வந்து அமர முடியும்? மூன்று மாற்றங்களை எழுதுக.