வெள்ளை ஈயும் ஒரு தக்காளிச் செடியும்

எட்டாம் வகுப்பில் வைரஸ் பற்றி நடத்தும்போது பசுமைக்குடில் தக்காளியையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இலைச்சுருள் வைரஸ் தானாகச் செடி தாண்டுவதில்லை; நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சிய வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குச் சுமந்து செல்கிறது. நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆகவே ஈ நுழையாமல் தடுப்பதே முதல் வழி: அங்குலத்துக்கு 50 கண்கள் உள்ள வலை, இரட்டைக் கதவு, களையற்ற சுற்றுப்புறம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால், உள்ளே வந்த ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். வாரந்தோறும் மாணவர்கள் அவற்றை எண்ணி வரைபடமாக்கலாம்.

“காய் பிடித்த செடியைப் பிடுங்கணுமா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “விட்டுவைத்தால் அங்கே உறிஞ்சும் ஈ அடுத்த செடியிலும் உட்காருமே” என்றேன். பிடுங்குமுன் செடியைப் பாலித்தீன் பையால் மூடச் சொல்லுங்கள். ஈக்கள் பறந்து தப்பாது.