பட்டு நூலும் பறக்கும் ஊர்தியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குத் தெற்கே அமைந்துள்ள தேவிகாபுரம், கோயிலாலும் தறியாலும் பெயர் பெற்ற ஊராகும். பெரியநாயகி அம்மன் கோயிலின் உயர்ந்த கோபுரம் வழிப்போக்கரைத் தொலைவிலேயே வரவேற்கும். ஊரை அடுத்த குன்றின்மேல் கனககிரீசுவரர் கோயில் விளங்குகின்றது. கோயில் மணியோசைக்கு அடுத்தபடியாக இவ்வூரில் செவிக்குப் பழகிய ஓசை தறியின் ஓசையே. நெசவாளர் மிதியை மிதிக்கப் பாவு பிரியும். நாடா ஊடை நூலைச் சுமந்துகொண்டு இப்புறமும் அப்புறமும் ஓடும். இழை இழையாகப் பட்டுச்சேலை வளரும்.

இத்தறிக்கும் வானத்தில் பறந்த போர் விமானத்துக்கும் என்ன தொடர்பு இருத்தல் கூடும்? ஒரு தொடர்பும் இல்லை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் விமானத்தை விட்டுக் குதித்த எத்தனையோ வீரரின் உயிர், பட்டு நூலையே நம்பித் தொங்கியது. அவ்வரலாற்றை அறிந்தவர், பட்டு என்றால் மணவறைக்கு மட்டுமே உரியது என்று சொல்லமாட்டார்.

பழைய போர் விமானங்களையும் அவை இறங்கிய தளங்களையும் தேடி ஆராய்வோர் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். விமானியின் தொப்பி, உடையின் பித்தளைப் பொத்தான், உயரம் காட்டும் கருவி, உடைந்த சுழல்விசிறியின் துண்டு, வீட்டுக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றை அவர்கள் அரும்பொருளாகப் போற்றுவர். பார்ப்போர்க்கு இவை பழைய சாமான்களாகவே தோன்றும். ஆனால், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதரின் அச்சமும் துணிவும் மறைந்து கிடக்கின்றன.

இத்தகைய ஆர்வலர்க்குத் தமிழ்நாடும் ஒரு வரலாற்று நிலமேயாம். இரண்டாம் உலகப் போர் நம் கடற்கரையை நெருங்கி வந்தது. 1942 ஏப்ரல் 4-ஆம் நாள், இலங்கையின் கொக்கலை நீர்நிலையிலிருந்து சென்ற கத்தலீனா என்னும் கடல் விமானம், ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது. செய்தி சென்றது; விமானமோ சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பும், 6-ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் நாள் திருகோணமலையும் குண்டு வீச்சுக்கு உள்ளாயின. சென்னை மக்கள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு வெளியேறினர்.

போர்க்காலத்தில் நம் மாநிலத்தின் பல இடங்களில் விமான ஓடுபாதைகள் இருந்தன. சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சூலூர் ஆகியவை அவற்றுட் சில. அவற்றின் பிற்கால வரலாறு வியப்புக்குரியது. சோழவரத்து ஓடுபாதை பின்னாளில் மோட்டார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது. அரக்கோணத் தளம் 1992-இல் இந்தியக் கடற்படையின் இராஜாளி என்னும் விமானத்தளமாக மறுபிறவி எடுத்தது. சூலூர் இன்று விமானப் படைத் தளமாக விளங்குகின்றது. வேறு சில இடங்களில் பழைய பாதை, வந்த பணி முடிந்து, வெயிலையும் மழையையும் தாங்கிக் கிடக்கின்றது.

இனி, பட்டின் செய்தியைக் காண்போம். விமானம் பழுதுற்றாலோ தீப்பற்றினாலோ விமானி உயிர் தப்புவதற்குரிய கருவி வான்குடை. இதனைப் பாராசூட் என்றும் வழங்குவர். முதல் உலகப் போரில் பலூனில் ஏறி வேவு பார்த்த வீரர்க்கு இது வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கோ வழங்கப்படவில்லை. வங்காளத்தைச் சேர்ந்த இந்திரலால் ராய் என்னும் இளைஞர் அப்போரில் பத்து வெற்றிகள் பெற்றுப் புகழ் எய்தினார். 1918 ஜூலை 22-ஆம் நாள் பிரான்சு நாட்டு வானில் நிகழ்ந்த போரில் அவர் மாண்டார். அப்போது அவர்க்கு வயது 19. அவர் விமானத்திலும் வான்குடை இல்லை.

போர் முடிந்தபின் நிலைமை மாறியது. 1919-இல் லெஸ்லி இர்வின் என்னும் அமெரிக்கர் விமானத்திலிருந்து குதித்து, வானில் வீழ்ந்துகொண்டிருக்கும்போதே தம் கையால் கயிற்றை இழுத்து வான்குடையை விரித்துக் காட்டினார். விரைந்து வீழ்பவர் அறிவு மயங்கிவிடுவார் என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை பொய்யாயிற்று.

வான்குடையைப் பட்டினால் செய்ததற்குக் காரணம் என்ன? அதற்கு வேண்டிய துணி நான்கு குணங்களை உடையதாக இருத்தல் வேண்டும். முதலாவது, எடை குறைந்திருத்தல். விமானி அதனை உடலோடு கட்டிக்கொண்டே அமர்கின்றார் அல்லவா? இரண்டாவது, வலிமை, வீழும் உடலின் வேகத்தை அத்துணி நொடிப்பொழுதில் தடுத்து நிறுத்துகின்றது. மூன்றாவது, சிறு பைக்குள் அடங்குமாறு மடிதல். நான்காவது, நெகிழ்ந்து கொடுத்தல். பட்டு இழையை இழுத்தால் உடனே அறுந்துவிடாது. தன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீண்ட பின்பே அறும். திடீரென்று விரியும் வான்குடையின் அதிர்ச்சியை இந்நெகிழ்ச்சியே தாங்கிக்கொள்கின்றது.

விமானிகளின் வான்குடை விரிந்த நிலையில் சுமார் 24 அடி குறுக்களவு உடையது. அது ஒரே விரிப்பாக நெய்யப்படுவதன்று. பல துண்டுகளை வெட்டி, இழைகள் சாய்வாக அமையுமாறு இணைத்துத் தைப்பர். அதனால், ஓரிடத்தில் கிழிசல் நேர்ந்தாலும் அது அடுத்த தையலோடு நின்றுவிடும். குடை முழுவதும் கிழிந்து போகாது. சேலையில் ஓர் இழை பிசகினால் அழகு குறையும். வான்குடைத் துணியில் ஒரு பகுதி பழுதுபட்டால் உயிரே போகலாம். ஆதலின், அதனை நெய்தவரும் தைத்தவரும் மடித்தவரும் தாம் காணாத ஒருவரின் உயிருக்குக் காவலராயினர்.

அந்நாளில் உலகச் சந்தைக்குக் கச்சாப் பட்டை மிகுதியாக அனுப்பிய நாடு ஜப்பான். 1941-இல் அந்நாட்டுடன் வாணிகம் முறிந்து, டிசம்பரில் போரும் மூண்டது. நேச நாடுகளுக்கு வந்த பட்டு நின்றுபோயிற்று. உடனே அவர்களின் நாட்டம் இந்தியாவின்பால் திரும்பியது. மைசூரிலும் காஷ்மீரத்திலும் பட்டுத் தொழில் போர்த் தேவைக்காக ஊக்கம் பெற்றது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலமும் பட்டு வளர்ப்பில் பெயர் பெற்ற இடமாகும். முசுக்கொட்டை இலையைத் தின்று வளர்ந்த புழுவின் நூல், கூறைச் சேலையாவதை விடுத்துப் போர்க்களத்துக்குப் புறப்பட்டது.

அமெரிக்கர் வேறொரு வழியையும் கண்டனர். நைலான் என்னும் செயற்கை இழையால் நெய்த வான்குடையைக்கொண்டு 1942 ஜூன் மாதத்தில் அடலைன் கிரே என்னும் பெண்மணி வானிலிருந்து குதித்து, அது தாங்கும் என்பதை மெய்ப்பித்தார். அதுமுதல் பட்டின் இடத்தை நைலான் சிறிது சிறிதாகக் கைப்பற்றியது.

பர்மாப் போர்முனையிலோ வான்குடைத் துணிக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. காட்டில் போரிட்ட பதினான்காம் படைக்கு உணவும் மருந்தும் வான்வழியே இறக்கப்பட்டன. அதற்கு வான்குடைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். படைத்தலைவர் சிலிம், வங்காளத்தில் மிகுதியாகக் கிடைத்த சணலை நாடினார். கல்கத்தாச் சணல் ஆலைகளின் துணையால் சணல் வான்குடைகள் உருவாயின. பட்டு வான்குடை ஒன்றின் விலை 20 பவுனுக்கு மேல். சணல் குடையின் விலையோ ஒரு பவுனைச் சிறிதே கடந்தது. மனிதரை இறக்க அவை பயன்படவில்லை. மூட்டைகளை இறக்கப் பெரிதும் பயன்பட்டன. சாக்குப் பைக்கு உதவிய சணல் ஒரு படையின் பசியைத் தீர்த்தது.

பட்டு வேறொரு வகையாலும் விமானிக்குத் துணை நின்றது. பகைவர் நாட்டில் இறங்க நேர்ந்தவர்க்கு வழி காட்டுவதற்காகப் பிரிட்டிஷார் நிலப்படங்களைப் பட்டுத் துணியில் அச்சிட்டனர். தாளில் அச்சிட்ட படம் மடிக்கும்போது சலசலக்கும், நனைந்தால் குழையும். பட்டுப் படமோ ஓசை செய்யாது. நீரில் நனைந்தாலும் அழியாது. உடையின் உள்தையலில் மறைத்து வைக்கலாம். அச்சு மை துணியில் பரவாமல் இருக்கும் பொருட்டு, பழப்பாகு உறைவதற்கு உதவும் பெக்டின் என்னும் பொருளை மையிற் கலந்தனர். இத்தகைய பட்டுப் படங்களை இன்று ஆர்வலர்கள் ஆவலோடு தேடித் தொகுக்கின்றனர்.

அரும்பொருள்களுள் மிகச் சிறியது ஒன்று உண்டு. இர்வினின் நிறுவனம் 1922 முதல், வான்குடையால் உயிர் பிழைத்தவர்க்குச் சிறியதொரு பொன் ஊசியைச் சட்டையில் அணிந்துகொள்ள வழங்கி வந்தது. அவ்வூசியின் வடிவம் யாது? கழுகன்று, சிங்கமன்று; ஒரு புழு! உயிரைக் காத்த இழையைத் தந்த பட்டுப்புழுவுக்குச் செய்த நன்றியே அது. அதனைப் பெற்றவர்களின் குழு, புழுவின் பெயராலேயே கம்பளிப்புழுச் சங்கம் என்னும் பொருள்பட வழங்கிற்று. அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பெர்க்கும் அக்குழுவைச் சேர்ந்தவரே.

போர் முடிந்தபின் வான்குடைத் துணி இல்லறத்திலும் புகுந்தது. சீன நாட்டு வானில் குதித்து உயிர் பிழைத்த அமெரிக்க விமானி ஒருவர், தம்மைக் காத்த நைலான் வான்குடையைப் பத்திரமாக வைத்திருந்தார். 1947-இல் தம்மை மணக்கவிருந்த நங்கையிடம் அதனைக் கொடுத்தார். அது மண உடையாயிற்று. பின்னர் அவர்தம் மகளும் மருமகளும் அதனையே அணிந்து மணம் புரிந்தனர். இன்று அவ்வுடை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. வான்குடை என்பதற்காக மட்டும் அது போற்றப்படவில்லை. அதன் வரலாறு மாறாது காக்கப்பட்டமையால் போற்றப்படுகின்றது.

பழையனவற்றைக் காப்பதில் இந்தியரின் திறமைக்கும் சான்று உண்டு. போரின் முடிவில் பிரிட்டிஷ் விமானப் படையினர் லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றைக் கான்பூரில் விட்டுச் சென்றனர். பிறர் பயன்படுத்தலாகாது என்று அவற்றைச் சிதைத்தும் வைத்தனர். 1948-இல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அச்சிதைவுகளை ஆராய்ந்து, ஒன்றன் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, சுமார் 40 விமானங்களை மீண்டும் பறக்கச் செய்தனர். சோதனை விமானி முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அவை 1968 வரை இந்திய விமானப் படையில் பணியாற்றின. இவ்வகை விமானங்கள் 18,000-க்கு மேல் செய்யப்பட்டிருந்தும், இன்று முழு உருவோடு எஞ்சியவை மிகச் சிலவே. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளவற்றுள் சில, இந்தியா காத்து அளித்தவை. சிதைத்தவர் நாட்டுக்கே செப்பம் செய்தவர் கொடை சென்றது!

அரும்பொருள் தொகுப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். பொருள் எங்கே கிடைத்தது, யாருடையது, எவ்வாறு கைமாறியது என்பவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். வரலாறு இழந்த பொருள், முகவரி இல்லாத கடிதத்தை ஒக்கும். அழகு செய்யக் கருதி அதனைத் தேய்த்து மெருகிடுதல் கூடாது. தேய்க்கும்போது பொறித்த எண்களும் தேய்ந்துவிடும். பழைய தளங்களில் உரிமையாளரின் இசைவின்றிப் புகுதல் குற்றம். குண்டு போன்ற பொருள் எதனையும் கண்டால் தொடாது விலகிக் காவல் நிலையத்தில் அறிவித்தல் வேண்டும். பல ஆண்டுகள் கிடந்த குண்டும் வெடிக்கக் கூடும்.

பட்டினாலாகிய பொருளைக் காக்கும் முறையைத் தேவிகாபுரத்துப் பிள்ளைகளுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பட்டை வெயிலில் உலர்த்தலாகாது. ஈரத்தோடு மடித்து வைக்கலாகாது. தூய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றுதல் வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அவ்விடத்தில் இழை முறியும். நெசவாளர் வீட்டுத் தாய்மார் சேலைக்குச் செய்யும் இவற்றையே பொருட்காட்சிச் சாலையினர் பழைய வான்குடைக்கும் பட்டுப் படத்துக்கும் செய்கின்றனர்.

போரைப் புகழ்வது இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. வானிலிருந்து வீழ்ந்த குண்டு எத்தனை பேரைக் கொன்றதோ, அதனையும் அப்பழைய பொருள்களே சொல்கின்றன. ஆயினும், அழிக்கப் புறப்பட்ட ஊர்தியினுள்ளும் காக்கும் பொருளாக ஒன்று இருந்தது. அது சின்னஞ்சிறு புழு நூற்ற இழையேயாம். தறியில் அமர்ந்து அறுந்த இழையைப் பொறுமையோடு பிணைக்கும் நெசவாளர், தம் தொழிலின் பெருமை சேலையோடு முடிவதன்று என்பதை உணர்தல் தகும். தமக்கு யாரென்று தெரியாதவர்க்காகவும் பிழையின்றிச் செய்யப்படும் வேலையே சிறந்த வேலை.

பயிற்சி

1. வான்குடைத் துணிக்கு வேண்டிய நான்கு குணங்கள் யாவை?
2. நிலப்படங்களைப் பட்டில் அச்சிட்டதனால் விளைந்த பயன்கள் யாவை?
3. பொன் ஊசிக்குப் புழுவின் வடிவம் தந்ததன் காரணத்தை விளக்குக.
4. லிபரேட்டர் விமானங்கள் மீண்டும் பறந்த வரலாற்றைச் சுருக்கி வரைக.
5. "வரலாறு இழந்த பொருள், முகவரி இல்லாத கடிதத்தை ஒக்கும்": இக்கூற்றை உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக்கொண்டு விளக்கிக் கட்டுரை எழுதுக.