காரை விட்டு எலெக்ட்ரிக் பைக்குக்கு மாறலாமா?

கேள்வி: தாம்பரத்தில் வீடு, கிண்டியில் அலுவலகம். தினமும் காரில் தனியாகப் போய் வருகிறேன். எலெக்ட்ரிக் பைக்குக்கு மாறலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாக மாறுங்கள். போக வர சுமார் 30 கிலோமீட்டர். எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு அது ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். நெரிசலில் ஊரும் கார் இரண்டு லிட்டர் பெட்ரோலாவது குடிக்கும். ஒரே ஒருவர் போவதற்கு ஒரு டன் எடையை ஓட்டிச் செல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

எந்த வண்டி என்பதில்தான் கவனம் வேண்டும். லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை என்று கடையில் காட்டும் வண்டிகளின் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துத் தெருவில் காய்கறி வாங்கிவர அது போதும். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தும் லாரியும் பின்னால் நெருக்கும்போது அந்த வேகமே ஆபத்து. பச்சை நம்பர் பிளேட்டோடு, முறையாகப் பதிவான வண்டியையே வாங்குங்கள். நல்ல ஹெல்மெட்டும் கூடவே.

அடுத்தது சார்ஜ். அடுக்குமாடி என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே சங்கத்தில் பேசி, உங்கள் மீட்டரிலிருந்து எர்த் உள்ள பிளக் பாயின்ட் இழுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கு அடியில் மட்டும் சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி அது.

ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் தண்ணீர் நிற்கும் நாட்களில் வண்டியை எடுக்காதீர்கள். கிண்டிக்கு மின்சார ரயில் இருக்கவே இருக்கிறது. காரை விற்பதை மட்டும் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.